தென்முடக்கின் ஆளிகளைப் பற்றிக் கரைமேட்டார்க்கு விடுத்த ஓலை

அலை ஏறிய நிலத்தையும் அலை ஏறாத நிலத்தையும் ஒரு குடைக்கீழ் வைத்துக் காக்கும் வெண்கழி நாட்டுப் பெருமாட்டி, மூன்று முகத்துவாரங்களுக்கும் உரியவர், ஆதன் செங்கோதையார் திருவாய் மொழிய, ஓலைநாயகம் நல்லங்கை எழுதியது. பனையேரியை விட்டு வந்து கரைமேட்டில் குடிசை கட்டியிருக்கும் முந்நூறு அடுப்பினரும், அவர்தம் பெரியோரும், பால் மறவாத பிள்ளைகளும் கேட்க. உங்கள் கூரைகளின்மேல் காற்று மெல்ல வீசுக. உங்கள் கிணறுகளில் உப்பு ஏறாதிருக்க.

அரச ஓலையை நின்று கேட்பது நாட்டு வழக்கம். இவ்வோலையை உட்கார்ந்து கேளுங்கள் என்பது பெருமாட்டியின் சொல். ஓலை நீளமானது, உங்கள் வயிறு காலி என்பதை அவர் அறிவார். பிள்ளைகளை மடியில் இருத்திக்கொள்ளுங்கள். வாசிப்பவர் ஓடாமல் வாசிக்க.

தாழையாற்றில் ஆளிச்சிப்பி வளர்க்க இடம் தகுமா, தகாதா என்பதைக் கேட்கவே நீங்கள் நான்கு திங்களாகக் காத்திருக்கிறீர்கள். ஆகையால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். இடம் தகும். ஆயினும் இவ்வாண்டும் வரும் ஆண்டும் உங்கள் சட்டியில் ஆளி விழாது. ஏன் என்று சொல்லாமல் இதை மட்டும் அனுப்பினால் அது ஆணையாக இருக்கும், நியாயமாக இராது. எனவே நடந்தது நடந்தபடியும், பேசியவர் பேச்சு பேசியபடியும் இதில் எழுதப்படுகின்றன.

உங்கள் பனையேரியில் பிறந்த சேந்தனை நீங்கள் அறிவீர்கள். கடல் கரையை உடைத்து வயலுக்குள் வந்த அன்று, கூரைமேல் ஏறி நின்று ஆட்களை இழுத்துப் போட்டவன். அரண்மனையில் நீர்நோக்கி என்னும் பதவியில் இருப்பவன். அவன் மனைவியும் கைக்குழந்தையும் இப்போது உங்களோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். உப்பேறிய வயல் ஏழு ஆண்டுக்கு நெல் தராது. நெல் இல்லாதவர் நீரில்தான் விளைவிக்க வேண்டும். கல்லையும் மரத்தையும் பற்றி வளரும் ஆளிச்சிப்பிக்குத் தாழையாறு இடம் கொடுக்குமா என்று பார்த்து வா எனப் பெருமாட்டி அவனைப் பங்குனித் தொடக்கத்தில் அனுப்பினார். போகும்போது அவன் குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தான். அது கை போலவே இல்லை, ஈர்க்குச்சி போல இருந்தது. அதை நினைத்துக்கொண்டேதான் படகில் ஏறினான்.

முகத்துவாரத்தருகே தாழைத்துறை என்றொரு மீன்பிடி ஊர் உள்ளது. அவ்வூர் உலகன் என்பவன் சேந்தனுக்குத் தோணி வலித்தான். சேந்தன் வேலையை ஒழுங்காகச் செய்தான் என்பதற்கு உலகனே சாட்சி. கடல்நீர் ஏறும் ஏற்றத்தில் ஒரு முறை, இறங்கும் வற்றத்தில் ஒரு முறை எனப் பகலில் ஓடிய ஒவ்வொரு நீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தான். ஆற்றுநீரைப் பானையில் மொண்டு வைத்து, எத்தனை விரல் சேறு அடியில் படிகிறது என்று பார்த்தான். காய்ந்த தேங்காயை மிதக்கவிட்டு ஓட்டத்தின் விரைவை அறிந்தான். கண்டல் மரங்களின் வேரில் மழைவெள்ளம் விட்டுப்போன கறையைத் தடவி, ஐப்பசியில் நன்னீர் எவ்வளவு உயரும் என்று கணித்தான்.

உலகனுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது.

"ஐயா, வேளா வேளைக்கு இந்தத் தண்ணியையே குடிக்கிறீரே, அரமனையில உமக்குச் சோறு போடலையா?"

"உப்பு எவ்வளவுன்னு நாக்குக்குத்தான்வே தெரியும். நீ துடுப்பைப் போடு."

"எங்க வீட்டுக்காரி கொழம்பை ஒரு நாள் குடிச்சுப் பாரும். அப்புறம் கடல் தித்திக்கும்."

நீர் நன்றாக இருந்தது. சேறு மிகையில்லை. ஓட்டமும் அளவோடு இருந்தது. குறை ஒன்றுதான். ஆளிக்குஞ்சு பற்றிக்கொள்ள ஆற்றடியில் கடினமான பொருள் எதுவும் இல்லை. பழைய சிப்பி ஓடுகளைக் கயிற்றில் கோத்து இருபது இடங்களில் தொங்கவிட்டான். ஒரு திங்கள் கழித்து எடுத்தால் கயிற்றுக்கு ஐந்தாறு குஞ்சுகளே ஒட்டியிருந்தன. அந்தக் கணக்கில் போனால் ஒரு சட்டி நிறைய மூன்று ஆண்டு ஆகும். அவனுக்கு அந்த ஈர்க்குச்சிக் கை நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் தென்முடக்கைக் கண்டான். ஆறு தெற்கே திரும்பும் அந்த முடக்கில் வற்றத்தின்போது கரிய முதுகுகள் சில நீருக்குமேல் தெரிந்தன. அவற்றின்மேல் ஆளி அடுக்கடுக்காக, உள்ளங்கை அகலத்துக்கு முற்றி நின்றது.

"அங்கிட்டு விடு" என்றான் சேந்தன்.

"அங்கிட்டு வேணாம் ஐயா. வெறும் சேறு. இடுப்பு வரைக்கும் உள்ள வாங்கிரும்."

"சேத்துல ஆளி எப்படிவே ஒட்டும்? அந்தா, பாறை தெரியுது."

"அது பாறை இல்லை."

"பின்னே என்ன?"

உலகன் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான். "ஒண்ணுமில்லை. மேல் காத்து வருது, திரும்பிருவோம்."

மக்களே, இங்கேதான் சேந்தன் பிழை செய்தான். நல்ல இடத்தை அரசின் கண்ணுக்கு மறைக்கிறார்கள் என்று நினைத்தான். பனையேரியில் நீங்களும் வரி அளக்க வந்தவர்க்கு நல்ல வயலைக் காட்டாமல் மேட்டு நிலத்தைக் காட்டியவர்கள்தானே. தன் ஊராரின் பழக்கத்தை வைத்து அடுத்த ஊரை அளந்தான். மறுநாள் காலை வற்றத்தில், உலகன் வரமாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட, தானே தோணியை வலித்துக்கொண்டு கடப்பாரையுடன் தென்முடக்குக்குப் போனான்.

முதலில் நின்ற முதுகில் கடப்பாரையை விட்டு நெம்பினான். முறத்தளவு ஆளிப்பாளம் ஒன்று பெயர்ந்து வந்தது. இடத்தைச் சோதிப்பவன் அங்கு விளைந்ததைத் தன் வாயில் இட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது நீர்நோக்கிகளின் முறை. அவன் ஓர் ஆளியை உடைத்து உண்டான். நல்ல சுவையாக இருந்தது. பிறகு பாளம் இருந்த இடத்தைப் பார்த்தான். பாறை அன்று, பலகை. பலகையில் யாரோ உளியால் பொறித்த சிறு நண்டு.

கரையில் ஒரு பெண் நின்றிருந்தாள். தாழைத்துறைக் கொற்றி. நண்டு அவள் கையால் பொறித்தது.

அவள் கொண்டையில் இருந்த தாழம்பூவை எடுத்தாள். குனிந்து, ஒரு குழந்தையைத் தண்ணீரில் இறக்குவதுபோல அதை ஆற்றில் வைத்தாள். அவள் அருகில் நின்ற உலகன் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

சேந்தன் கரையேறி வந்து, என்ன என்று கேட்டான். கொற்றி சொன்னது இது:

"இனிமே சொல்லலாம். எங்க ஊர்ல ஆள் இல்லாம தோணி மட்டும் கரைக்கு வந்தா, அதை யாரும் ஓட்டமாட்டோம். கல்லை நிரப்பி, மூக்கைக் கடலைப் பாக்க வச்சு, இந்த முடக்குல அமுக்கி வைப்போம். வர்றவன் வந்து எடுத்துக்கிடட்டும்னு. தோணி கிடக்கிற வரைக்கும் அவன் வந்துக்கிட்டிருக்கான். பொண்டாட்டி பூ வைப்பா, மஞ்சள் பூசுவா. தோணியில யாராச்சும் கை வச்சிட்டா அவன் வரலைன்னு ஆயிரும். வாய்விட்டுப் பேசினாலும் அப்படித்தான். அதான் உலகண்ணன் உமக்குச் சொல்லலை."

"எத்தனை வருசமா?" என்று கேட்டான் அவன்.

"ஆறு வருசம். போன வாரம்கூட அவருக்குன்னு ஒரு கை அரிசி கூடப் போட்டேன்."

அவள் தன் கணவன் பெயரை ஆறு ஆண்டுக்குப் பின் முதன்முறையாகச் சொன்னாள். அப்பெயர் இவ்வோலையில் எழுதப்படவில்லை. மறந்ததனால் அன்று.

சேந்தன் பெயர்த்த பாளத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் நீரில் இறங்கினான். கயிற்றைச் சுற்றி அதைப் பலகையோடு கட்டப் பார்த்தான். ஏற்றம் தொடங்கி நீர் மார்புக்கு வந்தது, பிறகு கழுத்துக்கு வந்தது. ஆளியின் விளிம்பு அறுத்து அவன் கைகளில் இரத்தம் ஓடியது. கட்டக் கட்ட நழுவியது.

கரையில் இருந்து கொற்றி கூப்பிட்டாள். "அட விடுமய்யா! வாழைத்தாரா அது, கட்டித் தொங்கவிட? ஏறி வாரும். உம்ம தோணியையும் முடக்குல வைக்க எங்களுக்கு இடம் இல்லை."

அந்த நிலையிலும் அவள் அப்படிச் சொன்னாள். அவன் ஏறி வந்தான்.

இதன்பின் சேந்தன் நினைத்திருந்தால், தென்முடக்கில் ஆளி மிகுதி, இடம் தகும் என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். எழுத்தாணியை எடுத்தும் இருக்கிறான். தோணிகள் ஏழு, ஏழிலும் முற்றிய ஆளி, முந்நூறு அடுப்பும் மழைக்காலத்தைக் கடந்துவிடும். ஒரு வரிதான். அதை எழுத முடியாமல் அவன் நேரே பெருமாட்டியின் முன் வந்து, எல்லாவற்றையும் சொல்லி, தனக்குத் தண்டனை கேட்டான். அவர், நீ உண்ட ஆளி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். சுவையாக இருந்தது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை என்றான் அவன்.

அவையில் சிலர், ஏழு பழைய மரங்களுக்காக முந்நூறு அடுப்பு அணைவதா என்றனர். அது கெட்ட மனத்தில் எழுந்த கேள்வியன்று. உங்களில் பலர் மனத்திலும் இப்போது அதுவே இருக்கும். பெருமாட்டியோ, பனையேரிக்குள் கடல் வந்தபோது யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை, கேளாமல் எடுப்பது கடலுக்குத் தகும், நமக்குத் தகாது, போய்க் கேட்டு வா என்று சேந்தனை மறுபடி அனுப்பினார்.

அவன் மீதி ஆறு வீட்டுக்கும் போனான். கேட்க முடியவில்லை. தோணியைத் தருவீர்களா என்று வாய் திறந்தால் அந்தச் சொல்லே கடப்பாரை ஆகிவிடும் அல்லவா. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அரசியார் நலமா என்று விசாரித்தார்கள். ஆறு வாசலிலும் ஆறு பெண்கள் பூவோடு நின்றார்கள். அவன் வந்த வழியே திரும்பினான்.

துறையில் கொற்றி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வீட்டுக்கும் போனீராம். ஒண்ணும் கேக்கலையாம்லா."

"வாய் வரலை தாயி."

"வராம இருந்ததே நல்லது." அவள் வலையில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "என்னோடதை எடுத்துக்கிடும். அது இப்போ வெறும் மரந்தான். உங்க பக்கம் பச்சைப்புள்ளைக்காரிக பால் இல்லாம கிடக்காகளாமே. நீர் வேணும்னேவா பண்ணினீர்? ஆனா ஒண்ணு, என் முன்னால எடுக்க வேணாம். நான் சந்தைக்குப் போற நாளாப் பாத்து எடும்."

அவள் சந்தைக்குப் போன நாளில் எடுத்தார்கள். உலகனும் கூட இறங்கினான்.

ஒரு தோணியின் ஆளி முந்நூறு அடுப்புக்கு ஒரு வேளைக்கும் காணாது. விதைக்குக் காணும். தாய் ஆளியை நட்டுவைத்த மூங்கில் கழியைச் சுற்றி ஆயிரம் சிப்பி ஓட்டுச்சரங்கள் கட்டினால், மழைக்குப் பின் உப்பு திரும்பும் மாசியில் குஞ்சு பற்றும். மூன்றாம் ஆண்டு நீங்கள் அறுக்கலாம். ஆகையால் பெருமாட்டியின் ஆணை பின்வருமாறு.

தாழையாற்றின் வடகரை கரைமேட்டாரின் ஆளிநிலம் ஆகுக. தென்முடக்கில் மூங்கில் ஊன்றுவதோ, தோணி விடுவதோ, இவ்வோலை வாசித்து முடிந்தபின் அங்குள்ளதைப் பற்றிப் பேசுவதோ கூடாது. கொற்றியின் தோணியில் எடுத்த ஆளியை எவரும் உண்ணலாகாது, எவ்வளவு பசித்தாலும். சேந்தனுக்குத் தண்டனை இல்லை. அவன் கையில் தழும்பு இருக்கிறது. அவன் உங்களோடு அந்தக் கரையில் கழி ஊன்றுவான்.

களஞ்சியத்தில் தை வரைக்கும் கஞ்சிக்கு நெல் உண்டு. இன்று முதல் அரண்மனையில் ஒரு வேளை உலை ஏறாது. அந்த அரிசியும் உங்களுக்கு வரும். அப்படியும் பங்குனிக்கு மேல் போகாது. இதை மறைத்து எழுதுவது அழகன்று. உங்களில் வலுவுள்ளவர் மேல்நாட்டு அறுவடைக்குப் போக வேண்டியிருக்கும். முதியோர் சிலர் அந்த மூன்றாம் ஆண்டைக் காணாமலும் போகலாம்.

இவ்வோலையின் ஆணைப் பகுதி மட்டும், தென்முடக்கைப் பற்றிய சொல் நீக்கி, தாழைத்துறைக்கும் முன்னமே போயிற்று. அங்கே ஒரு வரி கூடுதலாக எழுதப் பெருமாட்டி கட்டளையிட்டார். கொற்றியின் கணவனை மாண்டான் என்று வெண்கழி நாட்டின் எந்த ஓலையும் எழுதாது என்பது அவ்வரி. அதோடு கொற்றிக்கு ஒரு கூடைத் தாழம்பூவும் அனுப்பப்பட்டது.

நண்டு முத்திரை இதுவரை இந்நாட்டில் இல்லை. இவ்வோலைக்கு மட்டும் பெருமாட்டி அதை வெட்டச் சொல்லி, அரக்கில் தம் கையாலேயே பதித்தார். இவ்வாணை மூன்று முகத்துவாரங்களிலும் செல்லும். மலையடிவாரத்திலும் செல்லும். அலை உள்ளளவும் நிற்கும்.

முத்திரை இட்டபின் சேர்த்தது: கொற்றிக்கு விடுத்த பூக்கூடை நேற்றுத் திரும்பி வந்தது. ஒரு பூவும் குறையவில்லை.