டிரெஸ்ஸர் வீட்டு ஜன்னல்கள்

சேசு மரி சூசை துணை

மூவார்
1928 ஜனவரி 16

பிலோமியின் அப்பாவுக்கு அமலோற்பவம் எழுதுவது.

சர்வேசுரன் கிருபையால் இருவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அதில் பாதிதான் உண்மை. பஸ்ஸிலேயே பிள்ளைக்குக் குளிர் வந்துவிட்டது. பத்து பஹாட் டவுனில் இறங்கி ஒரு காப்பிக் கடையில் வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் வீட்டுப் படியேறும்போது உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறது, இன்னொரு தடவை இந்த மலேரியாக் காய்ச்சல் வந்தால் பிள்ளை தாங்காது என்றார். தகப்பனார் என்ன வேலை என்றும் கேட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என்று சொல்ல எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வரிசையாக நிற்க வைத்துக் கொயினா மருந்து ஊற்றுகிறவர் நீங்கள்.

சண்டை போட்டுக்கொண்டு வந்தேன் என்று அங்கே பேசிக்கொள்வார்கள். பேசட்டும். நான் கேட்டது பட்டுப்புடவை இல்லை. பெரிய துரை பங்களாவில் இருக்கிறதே, கம்பி வலை அடித்த ஜன்னல், அதைக் கேட்டேன். கட்டிலுக்குக் கொசுவலை இருக்கிறதே என்பீர்கள். ஏழு வயதுப் பிள்ளை விளக்கு வைத்த நேரத்திலிருந்து கட்டிலிலேயே கிடக்குமா? நம் வீட்டு ஜன்னல் பலகைகளில் என் கை நுழைகிற அளவுக்குச் சந்து. கொசு நுழையாதா?

ஜன்னல் மாற்றுங்கள், மறுநாளே வருகிறோம். அதுவரை வரமாட்டோம். இங்கே அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணியும் வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

அமலோற்பவம்


யோங் பெங்
1928 பிப்ரவரி 2

அன்புள்ள அமலோற்பவத்துக்கு ரபேல் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் துணிந்து துரையிடம் போய்க் கேட்டேன். "டிரெஸ்ஸர், இந்த வருஷம் எஸ்டிமேட்டிலே இல்லே, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். போன வருஷமும் இதையே சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். என் தலையாட்டலைப் பற்றி நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் நீ சொல்ல வேண்டாம்.

நம் செலவிலேயே செய்துவிடலாம் என்று டவுனிலிருந்து சீனத் தச்சன் ஆ செங்கை அழைத்து வந்து காட்டினேன். பழைய சட்டத்திலேயே வலையை அடித்துவிட முடியாதா என்று கேட்டேன். அவன் சட்டத்தில் விரலை வைத்து அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது. அத்தனையும் செல் அரித்திருக்கிறது. "அலமாக், இது மரமில்லே, பிஸ்கோத்து" என்று மலாயில் சொல்லிச் சிரித்தான். அது மட்டுமில்லை. நம் ஜன்னல் வெளிப்பக்கம் திறப்பது. உள்ளே வலை அடித்தால் கையை நீட்டிக் கதவைச் சாத்த முடியாது. ஆகையால் சட்டம் புதிது, கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி புதிது, வெளியே வலை. இரும்பு வலை நம் மழைக்கு ஆறு மாதத்தில் துருப்பிடித்து உதிரும், பித்தளை வலைதான் நிற்கும், அது சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்கிறான். ஐந்து ஜன்னலும் ஒரு வலைக் கதவும் சேர்த்து எழுபது வெள்ளி கேட்கிறான். அது என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும் என்று ஒத்துக்கொண்டான்.

பிள்ளைக்குக் கொயினாவை வாழைப்பழத்தில் வைத்துக் கொடு. வெறுமனே கொடுத்தால் துப்பிவிடுவாள்.

ரபேல்


மூவார்
1928 பிப்ரவரி 11

பிலோமியின் அப்பாவுக்கு,

எழுபது வெள்ளியா! உங்கள் முகத்தைப் பார்த்து விலை சொல்லியிருக்கிறான். யார் எதைச் சொன்னாலும் "சரி தவுக்கே, சரி முதலாளி" என்கிற முகம் அது. ஐந்து வேண்டாம், மூன்று போதும். அடுப்படி ஜன்னலையும் முன்னறையில் ஒன்றையும் பலகை அடித்து மூடிவிடுங்கள். வலைக் கதவு கட்டாயம் வேண்டும். பாஸ்காத் திருநாளுக்கு யாருக்கும் புதுத்துணி கிடையாது. வட்டிக்குக் கேட்டுச் செட்டியிடம் மட்டும் போய் நிற்காதீர்கள்.

பிலோமிக்கு இந்த மாதம் காய்ச்சல் வரவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. அண்ணிக்குப் பிள்ளை இல்லாத ஏக்கம் உங்களுக்குத் தெரியும். இவளுக்குத் தலை பின்னுவது, பவுடர் போடுவது, முட்டை அவித்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள்தான். எனக்கு மட்டும் வீட்டில் சோறு தண்ணீர் கொஞ்சம் கணக்காகவே கிடைக்கிறது. நேற்று பிள்ளை அத்தை பக்கத்தில்தான் படுப்பேன் என்று போய்விட்டாள். சின்னப் பிள்ளைதானே என்று நானும் விட்டுவிட்டேன். சீக்கிரம் ஆகட்டும், எனக்கு இங்கே இருந்து இருந்து அலுத்துவிட்டது.

அமலோற்பவம்


யோங் பெங்
1928 ஆகஸ்டு 26

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

முடிந்தது. மார்ச்சில் முடியும் என்றான், மழை. மே மாதம் வலை வந்தது, வந்தது இரும்பு வலை. திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி காத்திருந்தோம். ஜூலையில் ஆ செங்குக்குக் கைவிரலில் உளி பாய்ந்தது. கட்டுப் போட்டு விட்டவன் நான், அதற்குப் பிறகு எப்படி அவசரப்படுத்துவது? இத்தனைக்கும் நடுவில் உன் கடிதம் ஒவ்வொன்றும் வரும்போது பிரிக்கவே பயந்தேன்.

ஐந்து ஜன்னலும் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அடுப்படி ஜன்னலைப் பலகை அடித்து மூடினால் நீ புகையில் கிடந்து சாக வேண்டும், அதற்கு எனக்கு மனசு வரவில்லை. இத்தனை மாதமும் வெளியே டீகூடக் குடிக்காமல் சமாளித்தேன், வேறொன்றும் கெட்டுப்போகவில்லை.

நேற்றுச் சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டு முன்னறையில் சட்டையில்லாமல் உட்கார்ந்தேன். ஒரு கொசு இல்லை. வெளியே வலையில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரிக்கிறவனை ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று பிறகு அடக்கிக்கொண்டேன். பொட்டு பொட்டாக வெளிச்சம் தரையில் விழுகிறது, பிள்ளைக்குப் பிடிக்கும்.

எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று எழுது.

ரபேல்


மூவார்
1928 செப்டம்பர் 3

பிலோமியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணியிடம் வேண்டுமென்றே உரக்கப் படித்துக் காட்டினேன். இவ்வளவு நாள் "ஜன்னல் வந்துச்சா, ஜன்னல் வந்துச்சா" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்களே. ஐந்தும் போட்டதற்கு உங்களைத் திட்ட வேண்டும், திட்ட வாய் வரவில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

உடனே புறப்பட்டிருப்பேன். ஆனால் அக்டோபர் ஏழாம் தேதி ஜெபமாலை மாதா திருநாளன்று இங்கே பிள்ளைகளுக்கு முதல் நற்கருணை, புதுநன்மை கொடுக்கிறார்கள். பிலோமி பெயரையும் பங்குச் சாமியார் எழுதிக்கொண்டார். அதுவரை ஞானோபதேசத்துக்குத் தினமும் போக வேண்டுமாம். தோட்டத்துக்கு வந்துவிட்டால் பூசைக்கே மாதம் ஒரு தடவைதான் சாமியார் வருகிறார், அங்கே எங்கே நடக்கும்? அண்ணி வெள்ளைக் கவுனுக்குத் துணி எடுத்துத் தைக்கவும் கொடுத்துவிட்டார்கள். இத்தனை மாதம் பொறுத்தாயிற்று, இன்னும் ஐந்து வாரம். நீங்களும் லீவு சொல்லிவிட்டுத் திருநாளுக்கு வாருங்கள், மூன்று பேருமாகத் திரும்பிப் போகலாம்.

வலையைத் துணியால் துடைத்து வையுங்கள். ஒட்டடை அடிக்கிறேன் என்று துடைப்பக்கட்டையால் குத்திக் கிழித்துவிடப் போகிறீர்கள்.

அமலோற்பவம்


யோங் பெங்
1928 செப்டம்பர் 20

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

இதை எப்படி எழுதுவது என்று நாலு நாளாகத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை துரை குவார்ட்டர்ஸ் பார்க்க வந்தார். நம் வீட்டு முன்னால் நின்றுவிட்டார். ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். வலையை மோந்து பார்க்காத குறை. "யார் போட்டது?" என்றார். நான்தான் என்றேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்று முதுகில் தட்டினார். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "டிரெஸ்ஸர், உன் பொண்டாட்டி எங்கே?" என்றார்.

"மூவார்லே இருக்காங்க, துரை."

"எப்போ இருந்து?"

"ஜனவரி."

"ஓ. நீ ஒண்டி ஆளு."

"அடுத்த மாசம் வந்துருவாங்க, துரை" என்றேன். அவர் சிரித்தார். "எல்லா ஆளும் அடுத்த மாசம்தான் சொல்றான்" என்றார்.

மறுநாள் ஆபீசிலிருந்து துண்டுச் சீட்டு வந்தது. இந்த வீடு பிள்ளைகுட்டிக்காரரான, ஆபீஸ் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி ஐயாசாமிக்கு. எனக்குக் கடைசி லயத்துக்குப் பக்கத்தில், பழைய கங்காணி இருந்த ஒற்றை அறை. சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றி வந்துவிட்டேன். ஜன்னல் செலவை ஆபீசில் எழுதிக் கொடு, பார்க்கலாம் என்று துரை சொல்லியிருக்கிறார்.

ஐயாசாமி மேல் கோபம் வேண்டாம். அவர் கேட்டு வாங்கவில்லை என்று சத்தியம் செய்கிறார். அவர் வீட்டு அம்மா ஒரு தட்டு நிறைய முறுக்கு அனுப்பினார்கள்.

ரபேல்


மூவார்
1928 செப்டம்பர் 25

முறுக்கைத் தின்றீர்களா?

தின்றிருப்பீர்கள். தட்டைக் கழுவியும் கொடுத்தனுப்பியிருப்பீர்கள்.

ஒன்பது மாதம். அண்ணி கையால் அளந்து போட்ட சோற்றைத் தின்றுகொண்டு இங்கே உட்கார்ந்திருந்தேன். டீக்காசைக்கூடச் சேர்த்து வைத்த ஜன்னல் அது. "என் பிள்ளைக்குப் போட்டேன், அடுத்த மாசம் ஏழாம் தேதி முடிஞ்சு எட்டாம் தேதி வர்றாங்க" என்று தேதியைச் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா? வீடுதான் கம்பெனியுடையது. ஜன்னல் நம்முடையது. ஆ செங்கை அழைத்துக்கொண்டு போய் ஐந்தையும் கதவையும் கழற்றி எடுங்கள். வண்டியில் ஏற்றி இங்கே வந்துவிடுங்கள். வேலை போனால் போகட்டும், மூவாரில் மருந்துக் கடை இல்லையா? கழற்றுவீர்களா மாட்டீர்களா, அதை மட்டும் எழுதுங்கள்.

அமலோற்பவம்


யோங் பெங்
1928 அக்டோபர் 4

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எனக்கே காய்ச்சல் வந்துவிட்டது. நேற்று முழுவதும் நடுக்கம். ஆஸ்பத்திரி வார்டுப் பையன்தான் கஞ்சி வைத்துத் தருகிறான். திருநாளுக்கு வர முடியாது. பிள்ளையிடம் எப்படிச் சொல்வாயோ, சொல்லிவிடு.

கழற்றப் போனேன். பொய் இல்லை. திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். ஐயாசாமியும் அவர் மனைவியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். முன்னறையில் பாயில் அவர்களுடைய நாலு பிள்ளைகளும் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பையனுக்கு நம் பிலோமிக்கு மாதிரியே வயிறு வீங்கியிருக்கிறது, மாதா மாதம் நான்தான் அழுத்திப் பார்க்கிறேன். வேலைக்காரம்மா, "என்னங்க டிரெஸ்ஸர் ஐயா, யாருக்கு உடம்பு சரியில்லே?" என்று கேட்டாள். சும்மா வந்தேன் என்று திரும்பிவிட்டேன்.

டிரெஸ்ஸராக நினைத்தால் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. அப்பனாக நினைத்தால் வயிறு எரிகிறது. இரண்டும் ஒருத்தனுக்குள்ளேயே கிடந்து அடித்துக்கொள்கிறது, எனக்குக் களைப்பாக இருக்கிறது.

இந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். கதவுப் பலகை இல்லை, சாக்கு மாட்டியிருக்கிறேன். இதற்குச் செலவு அதிகம் ஆகாது. உடம்பு தேறியதும் ஆ செங்கைக் கேட்கிறேன்.

கோபமாக இருந்தாலும் எழுது.

ரபேல்


சேசு மரி சூசை துணை

மூவார்
1928 அக்டோபர் 9

பிலோமியின் அப்பாவுக்கு,

புதுநன்மை நல்லபடியாக நடந்தது. வெள்ளைக் கவுனும் முக்காடும் போட்டுக்கொண்டு, கையில் மெழுகுதிரியோடு நம் பிள்ளை முன்வரிசையில் நின்றாள். கால் வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. உடம்பு அவ்வளவு தேறியிருக்கிறது. பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அந்த நாலு பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நிம்மதியாகக் கோபித்துக்கொண்டிருப்பேன். சொன்னபடி மறுநாளே நாங்கள் வந்திருந்தால் துரை வந்த அன்று அந்த வீட்டில் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்திருக்கும். அதை நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் பதிலுக்கு நானும் பத்து வரி எழுதி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஜன்னல் வரட்டும், பிறகு நாங்கள் வருகிறோம் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்த வரிசையே சரியில்லை. ஆள் இல்லாத வீட்டில் என்ன மாட்டினாலும் அடுத்தவனுக்குத்தான் போகும். முதலில் ஆள் வந்து உட்கார வேண்டும். டிரெஸ்ஸருக்குக் குடும்பம் இருக்கிறது என்று அந்த துரை கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு ஜன்னல். அதற்கும் பிறகு பிள்ளை.

ஆகையால் நான் வருகிறேன், வியாழக்கிழமை பஸ்ஸில். நான் மட்டும். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து நிற்க வேண்டாம், படுத்திருங்கள். அரிசியும் கருவாடும் கொண்டு வருகிறேன். கஞ்சியை இனி நான் வைத்துக்கொள்கிறேன், வார்டுப் பையனை அவன் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆ செங்கிடம் ஒன்றும் பேசாதீர்கள், விலையை நான் பேசுகிறேன்.

அண்ணியிடம் சொன்னேன். "பிள்ளையை ஏன் அலைக்கழிக்கிறே, இங்கேயே இருக்கட்டும்லா" என்றார்கள். நான் கேட்பதற்கு முன்னாலேயே யோசித்து வைத்திருந்தது போல இருந்தது. சாயங்காலமே அவளுக்கென்று ஒரு கட்டில் வந்து இறங்கிவிட்டது.

பிலோமியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் காய்ச்சல், அம்மா போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஜன்னல் போட்டதும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். "சரிம்மா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு ஆற்றங்கரைக்குப் போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்றேன். இறங்கி ஓடிவிட்டாள். அழுதுகொண்டு திரும்பி வருவாள், அதைச் சாக்காக வைத்துப் பயணத்தைத் தள்ளிப் போடலாம் என்று நினைத்து நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை.

அமலோற்பவம்