உதிர்கிற ரொட்டி

ஜனவரி 12

என் மகளைப் பெற்றவளுக்கு,

இங்கே நான் நலம். நீ நலமில்லை என்று தெரிந்தே எழுதுவதால் அங்கே நலமா என்று கேட்கவில்லை.

இதைச் சொல்வது நான். எழுதுவது எதிர்க்கடைச் சலூன்காரன். "அன்புள்ளன்னு போடட்டுமாண்ணே?" என்று கேட்டான். கல்யாணமாகி இத்தனை காலம் நேரில் சொல்லாததை இன்னொருத்தன் பேனாவால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வேண்டாம் என்றுவிட்டேன். போனில் பேசலாம் என்றால், காது மந்தமானதிலிருந்து நீ பேசுவது எனக்கு அடுப்பு இரைகிற மாதிரிதான் கேட்கிறது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினான். கோதுமையில் இருக்கிற பசைச்சத்து சிலர் குடலுக்கு ஆகாதாம். அந்த நோய்க்கு சீலியாக் என்று பேராம். பேரைக் கேட்டால் வாசனைத் தைலம் மாதிரி இருக்கிறது. ரத்தத்தைப் பார்த்ததில் இருக்கிறது என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை, நடுக்கோட்டில் நிற்கிறதாம். அது என்ன கோடு? ரொட்டி வெந்திருக்கும், இல்லை வேகாமல் இருக்கும். நடுவில் நிற்கிற ரொட்டியை நான் பார்த்ததில்லை.

எனக்கு எழுத்துதான் வராது, ஞாபகம் நன்றாக வரும். நீ இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, என் கையால் சுட்ட பன்னில் பாதியைத் தின்றுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய். புகைபோக்கி வெடித்த வருஷம் வெண்ணெய் ரொட்டி தின்றுவிட்டுச் சுருண்டு படுத்தாய். மகளுக்கு முதல் பல் முளைத்த அன்றும் அப்படித்தான். கடைசியில் போன வருஷம் நான் வாய் தவறி, "ஊரே வரிசையில நின்னு வாங்குது, வீட்டுக்காரி மட்டும் மூஞ்சியச் சுளிக்கிறா" என்றேன். "ஒரு வாரம் மக வீட்டுல இருந்துட்டு வரேன்" என்று கிளம்பினாய். பெரிய பச்சைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய். ஒரு வாரத்துக்கு எதற்குப் பச்சைப் பெட்டி என்று அன்றைக்கே நினைத்தேன்.

அந்த டாக்டர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று எழுது.

ரொட்டிக்கடையில் இருப்பவன்

(எழுதுபவன் குறிப்பு: அக்கா, வாந்தி விஷயத்தை எழுத வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சவரத்துக்கு உட்கார்ந்திருந்த தபால்காரரும் சொன்னார். கேட்கவில்லை.)


ஜனவரி 20

கடைக்காரருக்கு,

நமஸ்காரம். என் வயிறு இப்போது சலூன் வரைக்கும் போய்விட்டது. தபால்காரர் வேறு அபிப்பிராயம் சொல்கிறார். ரொம்பச் சந்தோஷம்.

டாக்டர் அடுத்ததாக வாய் வழியே குழாய் விட்டுச் சிறுகுடலைப் பார்ப்பாராம், துளித்துளியாகக் கிள்ளியும் எடுத்துப் பார்ப்பாராம். ரத்தமும் மறுபடி எடுப்பார்களாம். அதற்கு முன்னால் ஆறு வாரம் தினமும் கோதுமை ரொட்டி சாப்பிட வேண்டுமாம். இங்கே வந்ததிலிருந்து மகள் வீட்டில் அரிசிதான். குடல் ஆறிப் போயிருந்தால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாதாம். "ஆகாததச் சாப்பிட்டாத்தாம்மா ஆகலைன்னு தெரியும்" என்றார். இதற்கு இத்தனை வருஷம் படிக்க வேண்டுமா என்று மாப்பிள்ளை என் காதில் கேட்டார். டாக்டர் காதிலும் விழுந்துவிட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இருக்கிறது என்று முடிவு வந்தால், மாவு பறக்கிற வீட்டில் நான் இருக்கக் கூடாதாம். மூக்கு வழியாக, வாய் வழியாகக் கொஞ்சம் போனாலும் கெடுதலாம். நம் வீடோ கடைக்கு மேல். தலையணையைத் தட்டினாலே மாவு வரும். இல்லை என்று வந்தால் பச்சைப் பெட்டியோடு திரும்பி வருவேன். எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமல்தான் தூக்கம் வரவில்லை.

எப்படியும் தின்ன வேண்டிய கோதுமை. வேறெவனோ சுட்டதை ஏன் தின்ன வேண்டும்? உங்கள் ரொட்டியையே பஸ்ஸில் போட்டு அனுப்புங்கள்.

மகளின் அம்மா


ஜனவரி 27

என் மகளைப் பெற்றவளுக்கு,

ரொட்டி அனுப்பியிருக்கிறேன். கண்டக்டர் தெரிந்தவர், மேலே எதையும் வைக்க மாட்டார். வாரா வாரம் வரும். வேறு கடையில் ஒரு துண்டும் வாங்கித் தின்னாதே. டாக்டர் சொன்னபடி தினமும் சாப்பிடு. கவலைப்படாதே. எல்லாம் நல்லபடியாக வரும் என்று என் மனசு சொல்கிறது.

கடைக்காரன்

(எ.கு.: அண்ணன் இந்த ரொட்டியை மட்டும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு சுட்டார். ஏனண்ணே என்றால், "நீ உன் கத்தரிக்கோலப் பாரு" என்கிறார்.)


பிப்ரவரி 16

கடைக்காரருக்கு,

சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ரொட்டி உதிர்கிறது. கத்தி வைத்தால் துண்டாக வராமல் தூளாக வருகிறது. மாப்பிள்ளை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடலாமா என்று கேட்டார். வயதாகிவிட்டது, கை தளர்ந்திருக்கும். மாவு பிசைய ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஓர் அதிசயம். மூன்று வாரமாகத் தினமும் தின்கிறேன், வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை! உப்பவில்லை, இழுத்துப் பிடிக்கவில்லை. இத்தனை காலமும் ஒத்துக்கொள்ளாதது உங்கள் ரொட்டியா, உங்கள் கோபமா என்று மகள் கேட்கிறாள். எனக்கு அந்த நோய் இல்லவே இல்லை என்று தோன்றுகிறது. பச்சைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வெயிலில் வைத்திருக்கிறேன்.

மகளின் அம்மா


பிப்ரவரி 22

என் மகளைப் பெற்றவளுக்கு,

கை தளரவில்லை. இதற்கு மேல் இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. அடுத்த ரொட்டி வருகிறது.

கடைக்காரன்

(எ.கு.: 'உதிர்கிறது' என்ற இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு சவரம் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். ஒரு கன்னம் இன்னும் பாக்கி.)


மார்ச் 18

கடைக்காரருக்கு,

குழாய் விட்டார்கள். அதைப் பற்றிக் கேட்காதீர்கள். முடிவு இன்று வந்தது. ரத்தத்தில் போன தடவை நடுக்கோட்டில் நின்றது இப்போது கீழே இறங்கிவிட்டது. ஆனால் குடலில் கொஞ்சம் தேய்மானம் தெரிகிறதாம். பழைய சீலியாக்கின் தடமாகவும் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாமாம். டாக்டர் காகிதத்தை இப்படிப் பிடித்துப் பார்க்கிறார், அப்படிப் பிடித்துப் பார்க்கிறார். "தினமும் கோதுமை சாப்பிட்டும் ரத்தம் இறங்குதுன்னா, எனக்குப் புரியலைம்மா" என்றார்.

அவருக்குப் புரியாவிட்டால் போகட்டும். உங்கள் ரொட்டி தின்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எனக்குத் தெரியும். முடிவுக்காகக் காத்துக் காத்துக் கிழவியாகிவிட்டேன். மாசக் கடைசியில் வீட்டுக்கு வருகிறேன். மாடியைக் கூட்டி வையுங்கள்.

மகளின் அம்மா


மார்ச் 22

என் மகளைப் பெற்றவளுக்கு,

வராதே.

சலூன்காரன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைக்கிறான். முழுதும் கேட்டுவிட்டு முறைடா என்று சொல்லியிருக்கிறேன். நீயும் முழுதும் படி.

நான் அனுப்பியதில் ஒரு பொட்டுக் கோதுமை கிடையாது. அரிசி மாவும் உருளைக்கிழங்கு மாவும் முட்டையும். அடுப்பையும் தட்டையும் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுச் சுட்டேன். அதனால்தான் உதிர்ந்தது.

சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் நாம் என்ன செய்வோம்? நீதானே முதலில் விளக்குமாற்றைத் தூக்குவாய்? ஒட்டடை அடித்து, தரையைத் தேய்த்து, எலிப்பொறியை மூட்டைக்குப் பின்னால் தள்ளி வைப்போம். அவர் வந்து பார்த்து 'சுத்தம்' என்று எழுதிக்கொண்டு போவார். டாக்டரும் அப்படித்தானே உள்ளே பார்க்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் பார்க்கிற நேரத்தில் உன் வயிறு ஆறிச் சுத்தமாக இருந்தால் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடுவார், நீ வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். ஆகாததைத் தின்றால்தான் தெரியும் என்று நீ எழுதியிருந்தாய். அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. கடையை அசிங்கமாக வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுகிறவன் உண்டா?

இப்போது நீ வந்து மாவுக்குள் படுத்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. டாக்டரிடம் உள்ளதைச் சொல். திட்டுவதை எழுத்திலேயே திட்டு. சலூன்காரன் சத்தமாகப் படிப்பான்.

கடைக்காரன்


ஏப்ரல் 14

கடைக்காரருக்கு,

டாக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்க வீட்டுக்காரர் என் பரிசோதனையையே கழுவித் துடைச்சு வெச்சுட்டாரும்மா" என்றார். பிறகு ரொம்ப நேரம் சிரித்தார். நர்ஸைக் கூப்பிட்டு இன்னொரு தடவை என்னைச் சொல்லச் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை இங்கே தெருமுனைக் கடையில் நிஜமான கோதுமை ரொட்டி வாங்கித் தின்றேன். மூன்றாம் நாளே வயிறு இழுத்துப் பிடித்தது. குளியலறை வாசலில் பாய் போட்டுப் படுத்தேன். மகள் அழுதாள். மாப்பிள்ளை வீட்டில் இருந்த டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டினார், உப்பு டப்பாவுக்கும் 'கோதுமை இல்லை' என்று ஒட்டியிருக்கிறார். டாக்டர் போதும் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். "இருக்கலாம்னு வெச்சுக்குங்க. இனிமே கோதுமை வேண்டாம். உறுதியா இருக்குன்னு மட்டும் காகிதத்துல எழுத முடியாது" என்றார்.

ஆக, என் நோய்க்குப் பேர் 'இருக்கலாம்'. இதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

எனக்குக் கோபம் அரிசி மாவுக்காக இல்லை. கல்யாணமான மறுநாளிலிருந்து வயிறு சரியில்லை என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன். நடிக்கிறாய் என்றீர்கள். உங்களுக்குப் படிக்கவே தெரியாத ஒரு காகிதத்தில் நடுக்கோடு என்று வந்ததும் தட்டை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுகிறீர்கள். நான் பேசியது புரியவில்லையா? காது மந்தமானது இப்போதுதானே?

வீட்டுக்கு வருவது பற்றி இனி எழுத வேண்டாம்.

மகளின் அம்மா


மே 9

என் மகளைப் பெற்றவளுக்கு,

நீ எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதவில்லை. இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நம் மாடியைக் கழுவினேன். கட்டிலைத் தூக்கினேன், மாவு. கடிகாரத்தைத் திறந்தேன், மாவு. நம் கல்யாணப் போட்டோவின் கண்ணாடிக்கு உள்ளே மாவு. உன் முகத்தில் பவுடர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த வீட்டை எந்த இன்ஸ்பெக்டருக்கும் காட்ட முடியாது.

அதனால் சலூனுக்கு மேல் காலியாக இருந்த இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஜன்னல் கிழக்கே பார்க்கிறது. பாத்திரம், பாய், தலையணை எல்லாம் புதுசு. கோதுமை என்ற பேச்சே அந்தப் படி ஏறாது. வேலை முடிந்ததும் கடைக்குப் பின்னால் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் தெருவைத் தாண்டுகிறேன். படி ஏறுமுன் சலூன்காரன் பிடரி தட்டுகிற பிரஷால் என் காது மடல், புருவம் எல்லாம் தட்டிவிடுகிறான். இதைப் பார்க்க நாலு பேர் சவரம் இல்லாமலே வந்து உட்காருகிறார்கள்.

மேலே நானும் அந்த உதிர்கிற ரொட்டியைத்தான் தின்கிறேன். ஸ்பூனால்.

காகிதம் எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும். இனிமேல் அதை நான் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டேன். உனக்கு வயிறு சரியில்லை. நீ சொன்னாய், நான் கேட்டேன்.

ஒரு சாவி இதோடு வருகிறது. உபயோகிக்காவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டாம்.

கடைக்காரன்

(எ.கு.: அக்கா, முதல் வரிக்கு மேல் 'அன்புள்ள' என்று போடச் சொன்னார். பிறகு அடிக்கச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். இடமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்: அன்புள்ள.)


மே 17

சலூன்காரத் தம்பிக்கு,

இது உங்களுக்கு. அவரை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். மாப்பிள்ளை அந்த மாடி அறை டப்பாக்களுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் என்னை அழைக்க பஸ் நிலையத்துக்கு வருவதானால் பிரஷ் போட்டுவிட்டு அனுப்புங்கள். மூக்குக்குள்ளும் பாருங்கள். அவருடைய மாற்றுச் சட்டையை மாவு படாமல் மாட்ட, கடைக் கதவுக்கு வெளியே ஓர் ஆணி அடியுங்கள்.

அரிசி மாவில் முட்டையை இன்னும் ஒன்று சேர்த்து, வெந்நீரில் பிசைந்து, ஆறவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். கை தளர்ந்துவிட்டது என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்த வரியை அவர் காதோடு மட்டும் சொல்லுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். காதோடு சொன்னால் அவருக்குக் கேட்காது. அதனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகவே படியுங்கள், தபால்காரரும் கேட்டுக்கொள்ளட்டும்:

நீங்கள் நம்பியது எனக்குப் போதும்.

அவருடைய மகளின் அம்மா