நீ சொன்ன பட்டையும் நான் கேட்ட பட்டையும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இறையருளால் இங்கே நானும் உன் அண்ணனும் அண்ணியும் நலம். நீ நலமா என்று கேட்கும் வரியை இம்முறை எழுத மாட்டேன். நலமில்லை என்று நேற்று தெரிந்துகொண்டேன், அதுவும் நீ அண்ணியிடம் தொலைபேசியில் அழுத பிறகு, அவள் வாயால்.

நாற்பது வயதுகூட ஆகாத உனக்குக் கட்டியை அகற்றினார்கள் என்று மட்டும்தான் என்னிடம் சொன்னீர்கள். கருப்பையோடு சினைப்பைகள் இரண்டையும் எடுத்ததை மறைத்தீர்கள். அப்பாவிடம் சொல்லக் கூச்சமாம். அந்தக் கூச்சம் செய்த வேலையைப் பார். ஆறு வாரத்துக்கு முன், நான் பட்டை போட்டுக்கறதை அவர் கிண்டல் பண்றார்ப்பா, விட்டுடட்டுமா என்று கேட்டாய். நெற்றியில் இடும் திருநீற்றுப் பட்டை என்று நினைத்து, வீட்டில் பூசல் வேண்டாம், விட்டுவிடு, உள்ளத்தில் இருந்தால் போதும் என்றேன்; எவ்வளவு பரந்த மனம் எனக்கு என்று அன்று முழுவதும் மகிழ்ந்துகொண்டும் இருந்தேன். நீயோ இடுப்பில் ஒட்டும் ஹார்மோன் பேட்சைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டாய். பேச்சில் ஆங்கிலம் கலந்தால் நான் முகம் சுளிப்பேன் என்று பேட்சைப் பட்டையாக்கினாயாம். செய்யுளில் ஒரு சொல்லுக்கு நான்கு பொருள் விரித்துரைப்பவன், பெற்ற மகளின் ஒரு சொல்லைத் தவறவிட்டேன். என் தமிழை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

மாப்பிள்ளை உன்னைப் பஞ்சர் ஒட்டின டியூப் என்றாராமே. அடுத்த முறை அவர் பேசட்டும், மரியாதையாகத்தான் பதில் சொல்வேன், ஆனால் வெகுநேரம் சொல்வேன். மருந்துக்கடையில் பதினைந்து ஆண்டு நின்ற உன் அண்ணி எனக்குப் புரியவைத்தாள்: மற்றப் பெண்களுக்குப் பல ஆண்டுகளில் மெல்லக் குறையும் சுரப்பு உனக்கு ஒரே நாளில் அற்றுப்போயிற்று, அதனால்தான் இந்தக் கொதிப்பும் வியர்வையும், தூக்கமின்மையும், அலுவலகக் கழிவறையில் தாழிட்டு அழுவதும், பிள்ளைமேல் எரிந்து விழுவதும். உன் உடலைச் சோதித்துத்தான் மருத்துவர் அந்தப் பட்டையை எழுதித் தந்தார். தொடர்வதோ மாற்றுவதோ அவரைக் கேட்டுச் செய்ய வேண்டியது, மாப்பிள்ளையையோ என்னையோ கேட்டு அன்று. இது தெரியாமல் சென்ற மாதம் மனத்தை அடக்கு, நாள்தோறும் ஓது என்று உனக்கு உபதேசம் வேறு செய்தேன். ஓதுவதை நான் குறைத்துப் பேச மாட்டேன். மருந்து கேட்கும் உடலுக்குப் பதிகத்தைக் கொடுத்தனுப்புவது பக்தி அன்று, மூடப் பிடிவாதம்.

நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி என்று அண்ணியிடம் சொன்னாயாமே. இந்த வாக்கியத்துக்கும் வேறு பொருள் கொண்டு என்னை ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். ஓர் எழுத்து மாறாமல் அதை மருத்துவரிடம் சொல். இக்கடிதத்தை உன் கையில் தருபவள் அண்ணியேதான். அவளே உன்னோடு வருவாள், உன் முகம் தெளியும்வரை அங்கேயே இருப்பாள். சாக்குச் சொல்லி அவளை வாசலில் நிறுத்தாதே.

எல்லா நலனும் பெற்று நீடு வாழ்க, கண்ணே. மறவாதே, முதலில் மருத்துவர். வந்தபின் என்னை அழைத்து ஆசைதீரத் திட்டு. குறுக்கே ஒரு சொல் பேச மாட்டேன்.

உன்மேல் கோபமும் தன்மேல் அதைவிடக் கோபமும் கொண்ட,
அப்பா