ஈடாகப் போன கேட்சர்

பக்கத்தில் இல்லாத பகையாளிக்கு,

இதை எழுதித் தருவது மருந்துக் கடைக்காரம்மா. நான் சொல்லும் திட்டுகளை விட்டுவிடுகிறார்; அவற்றை நீயே சேர்த்துப் படி.

நம் பேஸ்பால் அணி பெரிய பந்து வீச்சாளன் ஒருவனை வாங்கியது. அதற்கு ஈடாக அவனுடைய பழைய அணி நம்மிடமிருந்து ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். விட்டுத்தர முடியாதவர்கள் பட்டியலில், மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் நம் கேட்சர் குவாக்கின் பெயரை நம் அணி சேர்க்கவில்லை; அவனையே கொண்டுபோனார்கள். பதினான்கு வருடம் நமக்காகக் குத்தவைத்துத் தேய்ந்த முட்டி அவனுடையது! நான் கொதித்தேன். நீ என்ன சொன்னாய்?

"முட்டி போனவன வச்சுக்கிட்டு என்னடா பண்றது? போகட்டும் விடு."

என்னைக் கைத்தாங்கலாக மைதானப் படியேற்றிக்கொண்டே சொன்னாய். அங்கேயே உன் கையை உதறினேன். ஆறு மாதம் ஆகிறது.

ஞாயிறன்று குவாக் எதிரணிச் சட்டையில் நம் ஊர் பூசானுக்கு ஆட வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி நம் பக்கம் பார்த்துக் குனிந்து வணங்கினான். என் வாய் சும்மா இருக்குமா? அவனுக்கென்று நாம் பாடும் பாட்டை எடுத்துவிட்டேன். நாலு வரிசை சேர்ந்து பாடியது. அடுத்த பந்தையே வேலிக்கு வெளியே அடித்தான். நாம் தோற்றோம்.

"தாத்தா, நீங்க நம்ம ஆளா, அவங்க ஆளா?" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

முட்டி போனவன் அடித்த அடியைப் பார்த்தாயா? அப்போது உன் மூஞ்சியைப் பார்க்கத் திரும்பினேன். உன் இருக்கையில் நான் வைத்த காய்ந்த கணவாய்ப் பொட்டலம்தான் இருந்தது. மூன்று பேர் அந்த இடத்தைக் கேட்டார்கள். ஆள் வருகிறார் என்று விரட்டினேன்.

படிகள் நாற்பத்திரண்டு. தனியாக ஏற ஒன்பது இடத்தில் நின்றேன்.

சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது. கோபம் தீரவில்லை, நேரில் வந்து வாங்கிக்கொள்.

உன் இடப்பக்கத்து இருக்கைக்காரன்