சூட்டு உடம்பு

ஜூலை 8, செவ்வாய்

பல் பிடுங்கி மூன்று நாளாகியும் எனக்கு இரத்தக் கசிவு நிற்கவில்லை. அதனால் அம்மா இன்று நந்தனத்தில் இருக்கும் இரத்த நோய் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி ரத்தம் நிக்காம போயிருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"அப்படி யாருக்கும் இல்ல டாக்டர். இவளுக்குச் சூட்டு உடம்பு. எங்க பக்கம் எல்லாருக்குமே சூடுதான்," என்றாள் அம்மா.

அவர் 'இல்லை' என்று எழுதப் போனார். எனக்குப் பதறியது. எங்கள் வீட்டில் சூடு என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

"டாக்டர், மாமாவுக்கு மூக்குல ரத்தம் வந்தா ஒரு டவலே நனைஞ்சிடும். அதுவும் சூடு. பெரியம்மாவுக்குப் பிரசவத்துல ரத்தம் ஏத்தினாங்க. அதுவும் சூடு. அம்மாவுக்கு மாசாமாசம் பத்து நாள்..."

"ஏய், வாய மூடுடி!" அம்மா என் கையைக் கிள்ளினாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "பத்து நாளா? எத்தனை வருஷமா?"

"வயசுக்கு வந்ததுலேர்ந்து. எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்," என்றாள் அம்மா மெதுவாக.

இரத்தத்தை உறையவைக்கும் புரதம் எங்களுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கலாமாம். அது தெரிந்துவிட்டால் மருந்து உண்டாம். இப்போதைக்குக் கொடுத்த மாத்திரையில் கசிவு குறைந்திருக்கிறது.

நாளைய பரிசோதனைச் சீட்டில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. "எனக்கெதுக்குடி?" என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டாள். நான் விடப்போவதில்லை. அவள் கிள்ளிய இடம் ஒரு ரூபாய் அகலத்துக்கு நீலமாகக் கன்றியிருக்கிறது. காலையில் அதைக் காட்டியே அவளைக் கிளப்புவேன்.