வெளுத்துக் கறுக்கும் தேத்தண்ணி

ஒக். 8, திங்கள்
மதியத்திலிருந்து மழை. எல்லாரும் தூங்கியபிறகு எழுதுகிறேன். அண்ணன் கையில் கிடைத்தால் லயத்து வீடுகள் முழுக்க வாசித்துக் காட்டுவான்.

இரசாயன வகுப்பு. யாழ்ப்பாணத்து மாஸ்டர் மஞ்சள் குரோமேற்றுக் கரைசலில் அமிலம் விட்டார். செம்மஞ்சள். காரம் விட்டார். மறுபடி மஞ்சள். இன்னும் ஒரு சொட்டு அமிலம். இரண்டுக்கும் நடுவே ஒரு நிறத்தில் நின்றது. இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார்.

"எல்லாம் நின்னுருச்சு சார்."

வகுப்பே சிரித்தது. வெள்ளிக்கிழமை முன்னால் வந்து சமநிலையை விளக்க வேண்டுமாம். முடியாவிட்டால் கலைப் பிரிவு. சயன்ஸ் என்பதால்தான் அப்பா பதுளைப் பள்ளிக்கு அனுப்புகிறார். இல்லையென்றால் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்துவிடுவதாக முன்பே சொல்லியாயிற்று. வீட்டில் மூச்சு விடவில்லை.

ஒக். 10, புதன்
வாங்க: பேனா மை, மண்ணெண்ணெய், அம்மாவுக்கு இருமல் மருந்து.

காலை, தெமோதரை பஸ். எள் போட இடமில்லை. ஒவ்வொரு தரிப்பிலும் இறங்குகிற அளவுக்கு ஏறுகிறார்கள். நெருக்கம் அப்படியே, முகங்கள்தான் வேறு. அப்போதுதான் உறைத்தது. கரைசலிலும் எதுவும் நிற்கவில்லை! மஞ்சள் செம்மஞ்சளாகிறது, அதே வேகத்தில் செம்மஞ்சள் மஞ்சளாகிறது. வெளியே பார்த்தால் நின்ற மாதிரி.

ஹாலிஎலையில் லீக்ஸ் காய்கறி மூட்டைக்காரர்கள் கூட்டமாக முன்வாசலில் ஏறினார்கள். கொண்டக்டர் கத்த, எல்லாரும் பின்னால் நகர்ந்தோம். முன்னால் கொஞ்சம் தளர்ந்தது, முழுக்க இல்லை. அமிலம் விட்டாலும் இதேதான். புதிதாக வந்ததில் கொஞ்சத்தைச் செலவழிக்கிற பக்கமாக நகர்வது. தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்மணி முறைத்தார்.

மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

ஒக். 11, வியாழன்
மூடுபனி. அம்மாவுக்கு இருமல் விடவில்லை. பால் விடாத பிளேன்டீயில் எலுமிச்சங்காய் பிழிந்தார். சாயம் வெளுத்தது. எத்தனையோ நாள் பார்த்ததுதான். இன்றைக்குக் கை சும்மா இருக்கவில்லை. வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கலக்கினேன். கறுத்தது. மறுபடி பிழிந்தேன். வெளுத்தது.

"தேத்தண்ணிய ஏன்டி பாழாக்குற?" என்ற அம்மா, கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னொரு தடவ கறுக்க வையி, பாப்போம்."

பயம் போகவில்லை. நாளை நாக்கு எழாவிட்டால்?

ஒக். 12, வெள்ளி
வெயில்! கொண்டு போனவை: காலி மருந்துப் போத்தலில் தேத்தண்ணிச் சாயம், எலுமிச்சங்காய், வெற்றிலையில் மடித்த சுண்ணாம்பு.

முன்னால் நின்றேன். சாயத்தைக் கிளாஸில் ஊற்றிப் பிழிந்தேன், வெளுத்தது. ஆனால் விளக்கம் வராமல் கிளாஸைச் சும்மா கலக்கிக்கொண்டே நின்றேன். பின் வாங்குப் பலகையிலிருந்து பரீனா, பதுளைத் துணிக்கடைக்காரர் மகள்: "சொல்லு புள்ள, தேத்தண்ணி ஆறுது." எல்லாரும் சிரிக்க, எனக்கும் சிரிப்பு. அதோடு குரலும் வந்தது. சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடுவதால் சாயம் திரும்பக் கறுப்பதைச் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன், லீக்ஸ் மூட்டையோடு.

மாஸ்டர் எழுந்து வந்தார். "இப்ப சொல்லும் பிள்ளை, உள்ளுக்கை எல்லாம் நிண்டு போச்சோ?"

"இல்லங்க சார். ஏறுறதும் எறங்குறதும் சரிக்குச் சரி."

"பின்னுக்கு நகர்ந்தால் நெருக்கம் முழுக்கப் போயிடுமோ?"

"போகாதுங்க சார். கொஞ்சந்தான் கொறையும்."

கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திங்கட்கிழமையும் இதே சயன்ஸ் வகுப்பில், அதே வாங்கில் இருக்கச் சொன்னார். அதே வாங்கில்! பஸ்ஸில் முழு வழியும் நின்றபடியே வந்தேன். கால் வலிக்கவேயில்லை.

அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், கலைப் பிரிவு என்று பயந்ததையும். அவர் கையிலிருந்த தேத்தண்ணியை நீட்டினார். "எங்க, செஞ்சு காட்டு."

வெளுத்தது. சுண்ணாம்பை அவரே விரலால் எடுத்துக் கலக்கினார். கறுத்தது. இன்னொரு தடவை என்றார். இன்னொன்று. நாலு கோப்பை பாழ். அம்மா இருமலை மறந்து சிரிக்கிறார். எலுமிச்சங்காய் தீர்ந்துபோக, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்க அப்பாவே எழுந்து போனார்.