விரல் நகம் அளவுப் பழம்

என் செல்லத் தங்கச்சி கலாவுக்கு,

நீ எங்களை விட்டுப் போனபின் வருகிற இரண்டாவது மழைக்காலம் இது. மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடுகிறது. உன் வீட்டுக்காரரின் பீங்கான் பட்டறையில் கார்த்திகை விளக்குகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் நான் எழுத வந்தது உன் மகளைப் பற்றி.

நித்யாவுக்கு இமாசலத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று வருடத்துக்கு. தோட்டத்து ஸ்ட்ராபெரியின் மரபணுத் தொகுதியைக் காட்டு ஸ்ட்ராபெரிகளின் மரபணுத் தொகுதியோடு ஒப்பிடுவதுதான் வேலை. நீ இருந்தால், "அப்படின்னா என்னாண்ணே?" என்று கேட்பாய். ஒரே பாடத்துக்கு நாலு வாத்தியார்கள் தனித்தனியாகக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. எட்டையும் கலைத்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் எப்படி இருக்கும்? கடையில் விற்கிற ஸ்ட்ராபெரிக்குள் அப்படித்தான் இருக்கிறது. மலையில் புல்லோடு புல்லாகக் கிடக்கும் அதன் சொந்தக்காரச் செடிகள் சிலவற்றில் ஒரே வாத்தியாரின் குறிப்பு, இரண்டே பிரதி. எளியதை வைத்துக்கொண்டு சிக்கலைப் பிரிக்கப் போகிறாள்.

மாப்பிள்ளைக்குச் சம்மதமில்லை. "நம்ம மண்ணுல வெளையாத பழத்துக்கு எம் பொண்ணு பனியில போயி நிக்கணுமா மச்சான்?" என்றார். உண்மைக் காரணம் வேறு என்று உனக்குத் தெரியாதா? நீ இல்லாத வீட்டில் அவருக்கு மிச்சம் அவள் ஒருத்திதான். அவளும் பிடிவாதமாக, "அப்பா மனசாரச் சொல்லலன்னா போவ மாட்டேன் மாமா" என்றுவிட்டாள். திங்கட்கிழமைக்குள் ஆய்வகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அவர்கிட்ட பேசாத, வேலை குடு" என்றேன் அவளிடம். தோட்டத்துப் பழம் ஒன்று, காட்டுப் பழம் ஒன்று, களிமண்ணில் செய்து தரச் சொல்லிப் போனில் இரண்டு படம் அனுப்பினாள். மறுப்பே சொல்லாமல் செய்து சூளையில் வைத்தார்.

வெளியே வந்ததைப் பார்த்தால், காட்டுப் பழம் எலுமிச்சை அளவு, தோட்டத்துப் பழம் சுண்டைக்காய் அளவு. நித்யா சிரித்துவிட்டாள்.

"என்னாத்துக்கு புள்ள சிரிக்கிற?"

"தலகீழா செஞ்சிட்டீங்கப்பா."

"எப்படி? காட்டுல இருந்ததுதானே மொதல்ல? சூளைக்குப் போறதுக்கு முன்னாடி பெருசு, வெந்து வந்தா சிறுசு. இது கூடவா எனக்குத் தெரியாது?"

நம் ஊரைத் தவிர வேறு எங்கே கலா, ஒரு மனுசர் இப்படி யோசிப்பார்?

"இல்லப்பா. காட்டுப் பழம் வெரல் நகம் அளவுதான். ஆளுங்க பொறுக்கிப் பொறுக்கிப் பெருசாக்குனாங்க."

"பெருசாக்கியாச்சு இல்ல? அப்புறம் சின்னதப் போயி என்னாத்துக்கு நோண்டுற?"

"பெருசானப்ப வாசனை கொறஞ்சிடுச்சு. நோய் வந்தா தாங்க மாட்டேங்குது. சின்னதுல அதெல்லாம் இன்னும் இருக்குது. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பார்த்தாதான் எது எங்க போச்சுன்னு தெரியும்."

நான் சும்மா இருப்பேனா? "பொம்மைக்கு மூக்கு மழுங்கிப்போனா எதைப் பார்த்துத் திருத்துவீங்க மாப்பிள்ளை?" என்றேன்.

"மொத அச்சப் பார்த்து."

"அதைத்தான் தேடிப் போறா."

"தப்பு மாமா," என்றாள் உன் மகள். "அது மொத அச்சு இல்ல. அதே அச்சுலேருந்து வந்த இன்னொரு பொம்மை." நாற்பது பேர் வகுப்பில் திருத்தம் வாங்கினவன் போல உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை இரண்டு பழங்களையும் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். டீ ஆறிவிட்டது. பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்: "போட்டோவ பார்த்து செஞ்சா இப்படித்தான் ஆவும். நீ அங்க போயி, நெசப் பழத்த அளந்து அனுப்பு. சரியா செஞ்சு வெக்கிறேன்."

"போவட்டுமாப்பா?"

"அளக்காம எப்படி செய்யிறது?"

அவள் அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டாள். இப்போது வீட்டில் கம்பளிச் சட்டையைப் பற்றித்தான் பேச்சு. பக்கத்துத் திட்டக்குடியில் மலிவாகக் கிடைக்கும் என்கிறார் மாப்பிள்ளை. இமாசலத்துக் குளிரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், நீயே சொல்.

அவரை நினைத்து நீ கவலைப்படாதே. அவள் ரயில் ஏறும் நாளிலிருந்து அவருக்கு இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில். வர மறுத்தால், தூக்குச்சட்டியோடு நான் அங்கே போய் எதிரில் உட்கார்ந்துகொள்வேன்.

உன் கூடப்பிறந்தவன்,
பெரியண்ணன்